கேள்வியைச் சோதித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வாருங்கள்

சில வாரங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். மக்களின் சமூக, அரசியல் மனப்பான்மை பற்றி ஆய்வு செய்கிறோம், இருபது நிமிடம் போதும் என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆயாவிடம் ஒருவர் கேள்விகளை வாசிக்கத் தொடங்கினார். எண்பதை நெருங்கும் ஆயா, பேரன் வயதுப் பையனைப் பதிலுக்குப் பதில் ‘சார்’ என்றே அழைத்தார்.

‘உங்கள் ஊரில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுகிறதா?’ என்பது நடுவில் வந்த ஒரு கேள்வி. ஆயா கொஞ்சம் யோசித்தார். ‘இல்ல சார்’ என்றார். பையனின் விரல் திரையில் ‘இல்லை’யைத் தொட்டது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு நாங்கள் கேட்டோம், ‘ஏன் ஆயா அப்படிச் சொன்ன?’ என்று. ஆயா சொன்னார்: ‘ஊருக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்கு என்ன தெரியும்? நாமதான் அந்தப் பக்கம் போறதே இல்லையே. போனாத்தான வம்பு.’

ஆயா பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு, அவருக்குப் புரிந்த பொருளில், நேர்மையாகவே பதில் சொன்னார். எங்கள் வழக்கில் ‘ஊர்’ என்றால் அவர்கள் இருக்கும் இடம். நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே. ஊர்த்தெரு, ஊர்க்கோயில், ஊர்க்கிணறு, ஊர்க்கூட்டம் என்று சொல்லும்போது அதில் நாங்கள் சேர்த்தி இல்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆய்வின் கேள்வியை எழுதியவருக்குத்தான் தெரியவில்லை. அவர் ‘ஊர்’ என்று எழுதியபோது ஒரு வருவாய்க் கிராமத்தை நினைத்திருக்கிறார். ஆயா கேட்டபோது ஒரு எல்லைக்கோட்டை நினைத்திருக்கிறார்.

இப்போது அந்த ‘இல்லை’ எங்கோ ஒரு கணினியில் எண்ணாகச் சேர்ந்திருக்கும். நாளை அது ஒரு சதவீதமாக வெளிவரும். தீண்டாமை இல்லை என்று பட்டியல் சாதியினரே சொல்கிறார்கள் என்று யாராவது மேடையில் பேசுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இனி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது ஒரு ஆதாரமாகப் போய்ச் சேரும். ஒரு சொல்லைச் சோதிக்காமல் விட்டதன் விலையை நாங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே நாம் கேட்பது எளிய ஒன்று. மக்களின் மனதை அளக்க வருகிறவர்கள், முதலில் தங்கள் கேள்வியை அளந்து பார்க்கட்டும்.

கேள்விக்கும் சோதனை உண்டு

ஆய்வுத் துறையில் இதற்கு முன்சோதனை என்று பெயர். ஆயிரக்கணக்கானவர்களிடம் போவதற்கு முன், பத்துப் பதினைந்து பேரிடம் வினாத்தாளைக் கொண்டுபோய், கேள்வி புரிகிறதா, எப்படிப் புரிகிறது, பதில் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் மனதில் நான்கு வேலை நடக்கிறது என்பார்கள். கேள்வியைப் புரிந்துகொள்கிறார், நினைவில் தேடுகிறார், கிடைத்ததை எடைபோடுகிறார், பிறகு எதை வெளியே சொல்வது என்று முடிவு செய்கிறார். நான்கில் எந்த இடத்திலும் பதில் தடம் மாறலாம். ஆயாவுக்கு முதல் இடத்திலேயே மாறியது. ஊர்க்காரர் ஒருவருக்கு நான்காவது இடத்தில் மாறும். புரியும், நினைவும் வரும், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்.

இது ஏழை நாட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1992ல் ரோப்பர் என்ற புகழ்பெற்ற நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியமா, சாத்தியமற்றதா என்ற பொருளில் ஒரு கேள்வி. 22 சதவீதம் பேர் ‘சாத்தியம்’ என்றார்கள். ஐந்தில் ஒரு அமெரிக்கர் அந்தப் படுகொலையையே சந்தேகிக்கிறாரா என்று நாடு அதிர்ந்தது. பிறகு கேள்வியை உற்றுப் பார்த்தார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள் முட்டிக்கொண்டு நின்றன. 1994ல் கேள்வியைத் தெளிவாக்கி மறுபடி கேட்டபோது அந்த 22, ஏறத்தாழ 1 ஆகக் குறைந்தது. மக்களின் மனம் இரண்டே ஆண்டில் அவ்வளவு தூரம் மாறிவிடவில்லை. கேள்விதான் மாறியது.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘நீங்கள் கோயிலுக்குள் போவதில்லையா?’ என்று கேட்டால், போகாதவர் ‘ஆமாங்க’ என்பார். போகிறவர் ‘இல்லைங்க, போவோம்’ என்பார். பதில் குறிப்பவர் ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டால், அது போகிறார் என்பதா, போகவில்லை என்பதா? மொழிபெயர்த்த கேள்விகளில் இப்படிப்பட்ட எதிர்மறைகள் தாராளமாகக் கிடக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தால் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

நமக்குப் பக்கத்திலிருந்தே ஒரு நல்ல முன்னுதாரணமும் உண்டு. இன்று வங்கதேசமாக இருக்கும் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில், ஆலைத் தொழிலாளர்களிடமும் உழவர்களிடமும் நடந்த ஓர் ஆய்வில், ஹோவர்ட் ஷூமன் என்ற சமூகவியலாளர் ஒரு வழியைக் கையாண்டார். ஒவ்வொருவரிடமும், குலுக்கல் முறையில் எடுத்த சில கேள்விகளுக்கு மட்டும், ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வாங்கியதோடு நிறுத்தாமல், அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க வைத்தார். பதிலும் விளக்கமும் பொருந்தினால் கேள்வி நல்ல கேள்வி. பொருந்தாவிட்டால் குறை கேள்வியில். 1966ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். எங்கள் ஆயாவிடம் ‘எதை வைத்துச் சொல்றீங்க பாட்டி?’ என்று அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அறுபது ஆண்டுப் பழைய அந்தப் பாடம் எங்கள் திண்ணை வரைக்கும் வந்து சேரவில்லை.

எந்தக் கேள்வி எதைப் பிடிக்கும்?

தீண்டாமையை அளப்பதில் இந்தியாவிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12ல் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, நாடெங்கும் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அதில் உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பது உண்டா என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றவரை அதோடு விட்டுவிடவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் புழங்கினால் பரவாயில்லையா என்று இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 27 சதவீத வீடுகள் தீண்டாமை பார்ப்பதை ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்டன. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அந்த எண் குறைந்திருக்கும்.

ஏன் குறையும்? ‘தீண்டாமை’ என்பது பாடப்புத்தகச் சொல், சட்டச் சொல். அது பாவம், குற்றம் என்று ஒன்றாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லித் தரப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதை ஒழித்துவிட்டது என்பதையும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, ‘நீங்கள் தீண்டாமை பார்ப்பீர்களா?’ என்று கேட்பது, ‘நீங்கள் குற்றவாளியா?’ என்று கேட்பதற்குச் சமம். ‘நாங்கல்லாம் சாதி பார்க்கிறதே இல்லைங்க’ என்பதுதான் பதிலாக வரும். அதே மனிதரிடம், உங்கள் நிலத்தில் வேலைக்கு வருகிறவர் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், எதில் சாப்பிடுவார், தண்ணீர் குடித்த சொம்பை யார் கழுவுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மறைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிவிடுவார். ஏனென்றால் அவருக்கு அது தீண்டாமை இல்லை, வழக்கம்.

குஜராத்தில் நவசர்ஜன் அமைப்பு செய்ததும் இதைத்தான். 1,589 கிராமங்களில் ஆய்வு நடத்தி 2010ல் வெளியிட்ட அறிக்கையில், தீண்டாமை உண்டா என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதிலாக, ஏறத்தாழ நூறு தனித்தனி வழக்கங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக விசாரித்திருந்தார்கள். பட்டியல் நீளும்போது ஒளிவதற்கு இடம் குறைகிறது.

ஆனால் பட்டியலையும் சோதிக்கத்தான் வேண்டும். வழக்கங்கள் சட்டைமாற்றிக்கொள்கின்றன. ‘டீக்கடையில் இரட்டைக் குவளை உண்டா?’ என்ற கேள்வி ஒரு காலத்தில் கச்சிதமான கேள்வி. இன்று குவளையே இல்லாமல், எங்களுக்கு மட்டும் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போய்ப் பழைய கேள்வியைக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். இதை நகரத்து அறையில் உட்கார்ந்து வினாத்தாள் எழுதுகிறவர் அறிய மாட்டார். அந்தக் கடையில் டீ குடிக்கிறவர்தான் அறிவார்.

இன்னொரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை இந்தியாவில் சுமார் 30 ஆயிரம் பேரைச் சந்தித்தது. பட்டியல் சாதியைச் சேராதவர்களில் 72 சதவீதம் பேர், பட்டியல் சாதியினர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதை ஏற்பதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், தங்கள் சமூகப் பெண்கள் வேறு சாதியில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 64 சதவீத இந்தியர்கள் சொன்னார்கள். எந்த எண் உண்மை? இரண்டுமே உண்மைதான். ஆனால் அவை அளப்பது வேறு வேறு. தெருவே தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், ‘பக்கத்து வீடு’ என்பது நடக்கப்போகாத ஒன்றைப் பற்றிய கேள்வி. நடக்கப்போகாததற்குச் சம்மதம் சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை. அதே கேள்வி வாடகை வீடு தேடும் நகரத்தில் கூர்மையான கேள்வி. ஒரு கேள்வி ஓரிடத்தில் வேலை செய்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைச் சொல்லித் தருவது முன்சோதனை மட்டுமே.

அரசியல் கேள்விகளும் அப்படித்தான்

ஆயாவிடம் அன்று கேட்ட இன்னொரு கேள்வி, ‘காவல் துறை மீது உங்களுக்கு நம்பிக்கை உள்ளதா?’ ஆயா, ‘நம்பித்தான சார் ஆகணும்’ என்றார். ‘ஓரளவு நம்பிக்கை உள்ளது’ என்று பதிவானது. வேறு கதியில்லை என்று ஒரு கிழவி விட்ட பெருமூச்சு, அரசு அமைப்பின் மீதான நம்பிக்கையாகக் கணக்கில் ஏறியது.

‘உங்கள் பகுதியில் தேர்தலில் நிற்க யாராவது தடை செய்தார்களா?’ என்பதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விதான். மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1996ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 2006 வரை அங்கே முறையான தலைவர் ஒருவர் நின்று ஆட்சி செய்ய முடியவில்லை. திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவிக்கப்பட்டும் வேட்புமனு வரவில்லை, வென்றவர்கள் உடனே விலகினார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், எத்தனை பேர் ‘யாரும் தடுக்கலைங்க, யாரும் நிக்கலை’ என்று சொல்லியிருப்பார்கள்? அச்சம் ஆழமாக இருக்கும் இடத்தில் தடுப்பவர் தேவைப்படுவதில்லை. ‘நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததுண்டா, ஏன் நிற்கவில்லை?’ என்று மாற்றிக் கேட்டால்தான் கதவு திறக்கும்.

யார் கேட்கிறார் என்பதும் கேள்வியின் ஒரு பகுதி. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1942ல், கறுப்பின மக்களிடம் ஒரே கேள்விகளை வெள்ளையர்களும் கறுப்பினத்தவரும் தனித்தனியாகக் கேட்டபோது பதில்கள் வேறுபட்டன. வெள்ளையர் கேட்டபோது மக்கள் அடக்கியே வாசித்தார்கள். இங்கே வருகிற பையனிடம் எங்கள் தெருவில் முதலில் கேட்கப்படுவது, ‘தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்பதுதான். அதற்கு அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மற்ற பதில்கள் அமையும். கேட்கும்போது பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவர் யார் என்பதும் அப்படித்தான். முன்சோதனையில் இதையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

பணமும் நேரமும் இல்லை என்பார்கள். பல்லாயிரம் பேரைப் பார்க்கப் பணம் இருக்கும்போது, முதலில் முப்பது பேரோடு உட்காரப் பணம் இல்லை என்பது பொருந்தவில்லை. 2011ல் நடந்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பை நினைவுபடுத்துவோம். சாதிப் பெயரைச் சொன்னபடியே எழுதிக்கொண்டதில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் குவிந்தன. 1931 கணக்கெடுப்பில் இருந்தவை 4,147. இந்தத் தரவு பயன்படாது என்று ஒன்றிய அரசே 2021ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அது மனப்பான்மை ஆய்வு இல்லைதான். ஆனால் கேட்கும் முறையைச் சரிசெய்யாமல் நாடு முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படவிருக்கும் நேரத்தில் இந்தப் பாடம் நினைவில் இருக்க வேண்டும்.

கேள்வியை மாற்றினால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது என்பது இரண்டாவது வாதம். இதில் நியாயம் உண்டு. தீர்வும் உண்டு. பாதிப் பேரிடம் பழைய கேள்வியையும் மறுபாதியிடம் புதிய கேள்வியையும் கேட்டால், மாறியது மனமா, கேள்வியா என்பது தெரிந்துவிடும்.

எங்களைக் கேட்டுக் கேள்வி எழுதினால் தீண்டாமையைப் பெரிதாக்கிக் காட்டுவோம் என்பது மூன்றாவது. முன்சோதனை எண்ணைக் கூட்டுவதற்காக அல்ல. சில இடங்களில் அது எண்ணைக் குறைக்கவும் செய்யும். ‘பாகுபாடு’ என்ற சொல்லைக் கேட்டால், ரேஷன் கடையில் எல்லோரையும்போல வரிசையில் காத்திருந்ததைக்கூட எங்களில் சிலர் சொல்லக்கூடும். அது சாதியால் வந்ததா, எல்லோருக்கும் வந்ததா என்று பிரித்துக் கேட்டால் கணக்கு இறங்கும். இறங்கட்டும். உப்பிய எண் எங்களுக்கு உதவாது. முதல் எதிர்க்கேள்வியிலேயே அது உடைந்துவிடும். எங்களுக்கு வேண்டியது நிற்கிற எண்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் சமூகப்பணியும் சமூகவியலும் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் கிராமங்களுக்கு வினாத்தாளோடு வருகிறீர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலும் ஆய்வு நடத்துகிறீர்கள். உங்களில் பலர் எங்கள் பிள்ளைகள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறோம்.

வினாத்தாளை அச்சடிக்கும் முன் ஊரிலும் சேரியிலும் தனித்தனியாகச் சிலரோடு உட்காருங்கள். கூலிக்குப் போகும் பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களும் அதில் இருக்கட்டும். கேள்வியை வாசித்துவிட்டு, ‘நான் என்ன கேட்டேன், உங்கள் பேச்சில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பதில் வந்ததும், ‘எதை நினைத்து அப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள். எந்தக் கேள்வியைத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது, எங்கே தயங்கினார், எங்கே சுற்றிலும் பார்த்தார், எங்கே எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’ போட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியில் இரண்டு விஷயம் இருந்தால் பிரியுங்கள். ‘முழுமையாக ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன்’ என்ற ஐந்து படிகள் யாருக்கும் பிடிபடவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். திருத்திய கேள்வியை மறுபடி வேறு சிலரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஆய்வறிக்கையில் எழுதுங்கள். சொன்னவரின் பெயரும் தெருவும் வெளியே போகாது என்பதை முதலிலேயே சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். உங்களுக்கு அது மதிப்பெண். பதில் சொன்னவருக்கு அது மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய வயல்.

அரசுத் துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கோரிக்கை. சாதி, தீண்டாமை, அரசு மீதான நம்பிக்கை ஆகியவை பற்றிய எந்த ஆய்வையும் வெளியிடும்போது, சதவீதத்தோடு கேள்வியின் முழு வாசகத்தையும் தமிழில் வெளியிடுங்கள். அதை யாரிடம், எந்தப் பகுதியில் முன்சோதனை செய்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாத எண்ணை நாம் நம்ப வேண்டியதில்லை. செய்தி படிக்கும் வாசகர்களும், ‘இத்தனை சதவீதம்’ என்று பார்த்தவுடன், ‘என்ன கேட்டார்கள்?’ என்று கேட்கப் பழகலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆயாவிடம் நாங்களே கேள்வியை மாற்றிக் கேட்டோம். ‘ஆயா, தேர் நம்ம தெருவுக்கு வருமா?’ வராது என்றார். ‘நம்மாளு செத்தா எந்த வழியா எடுத்துட்டுப் போவோம்?’ ஏரிக்கரை சுற்றி என்றார். ‘ஊர்த்தெரு வழியா ஏன் போறதில்ல?’

ஆயா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ‘இதத்தான் அந்தப் புள்ள கேட்டுச்சா?’ என்றார். ‘புரியற மாதிரி கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.’